உப்புக்கட்டி மட்டும் போதுமா?

மூதூர்ப் பக்கத்தில் கடலை அண்டிய ஒரு கிராமம். இடம்பெயர்ந்து பல வருடங்களின் பின் திரும்பி வந்த குடும்பங்கள் வாழும் இடம். அங்கே போயிருந்தபோது ஒரு தாயார் எம்மைத் தமது ஆட்டுக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றார். தகரக் கூரையின் கீழே ஒரு செந்நிற உப்புக்கட்டி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. வாழ்வாதாரத் திட்டத்தில் ஆடுகளோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட கட்டி அது. மாதங்கள் சென்றும் அதன் விளிம்புகூட மழுங்கியிருக்கவில்லை.

"தம்பி, நீங்க தந்த கல்ல ஆடு திரும்பியும் பாக்குதில்ல. குட்டியள் மெலிஞ்சுகொண்டே போகுது. கல்லுல பிழையா, ஆட்டுல பிழையா?" என்று கேட்டார்.

நாம் உடனே பதில் சொல்லவில்லை. அவருடைய கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் வைத்துப் பார்த்த பிறகுதான் பதில் விளங்கியது. தண்ணீர் உவர்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஆட்டுக்கு உப்பின் மேல் ஆசை உண்டு. செம்பின் மேலோ கோபால்ட்டின் மேலோ அப்படி ஆசை கிடையாது. ஆகவே கட்டி செய்பவர்கள் பெரும்பகுதி உப்பை வைத்து, அதனுள் செம்பு, கோபால்ட், அயடீன் போன்ற கனியுப்புகளைச் சிறிதளவு கலந்து விடுகிறார்கள். உப்புக்காக நக்கும் ஆடு மற்றவற்றையும் சேர்த்து விழுங்கும் என்பது கணக்கு. வாய்க்கால் நீரைக் குடிக்கும் உள்ளூர் ஆடுகளிடம் இந்தக் கணக்குச் சரிவரும். கொட்டியாரக் குடாவின் கரையில் உவர்நீர் குடித்து, உப்புக் காற்றுப் பட்ட இலையைத் தின்னும் ஆட்டுக்கு உப்பு ஏற்கெனவே நிரம்பக் கிடைத்து விடுகிறது. அது ஏன் கட்டியை நக்கப் போகிறது? நக்காவிட்டால் உள்ளே இருக்கும் செம்பும் கோபால்ட்டும் கயிற்றில் தொங்குவதுதான் மிச்சம்.

ஆட்டைக் கொடுத்தோம், கட்டியைக் கொடுத்தோம், படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அந்தக் கிராமத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் ருசி பார்க்கவில்லை. இப்படித் திட்டம் செய்தவர்களில் நாமும் அடக்கம் என்பதால் இதை எழுதும் உரிமை எமக்கு உண்டு என்று நினைக்கிறோம்.

திருகோணமலை மாவட்டம் கனிப்பொருளுக்குப் பெயர் போனது. புல்மோட்டைக் கடற்கரையின் கரிய மணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சேர்க்கோனும் இருப்பதை உலகம் அறியும். அதில் ஆட்டுக்கு ஒரு பிரயோசனமும் கிடையாது. ஆட்டுக்கு வேண்டிய கனியுப்பு இலையிலும் புல்லிலும் நீரிலும் இருந்துதான் வரவேண்டும். வாய்க்குள் போவதெல்லாம் உடம்பில் சேர்வதுமில்லை. அதற்குக் குடலின் அனுமதி வேண்டும். இந்த விடயத்தை எமது திட்டக்காரர்கள் ஒருபோதும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆட்டினதும் செம்மறியினதும் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதலாவது பெரிய அறைக்குள் கோடானுகோடி நுண்ணங்கிகள் வாழ்கின்றன. ஆடு தின்னும் குழையை முதலில் தின்பவை இந்த நுண்ணங்கிகள்தான். ஒவ்வொரு கனியுப்புக்கும் உள்ளே நுழைய ஒவ்வொரு வாசல் இருக்கிறது. மகனீசியம் பெரும்பாலும் முதல் இரைப்பையின் சுவராலேயே அகத்துறிஞ்சப்படுகிறது. கல்சியமும் பொஸ்பரசும் சிறுகுடலில் உட்புகுகின்றன. கல்சியம் புக விற்றமின் டி துணை வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். எமது நாட்டில் இருட்டுக் கொட்டிலில் அடைத்தாலொழிய வெயிலுக்குக் குறைவில்லை. கோபால்ட்டின் கதையோ முற்றிலும் வேறானது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். எமது கடற்கரை வாசகர்களுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது.

தென் அவுஸ்திரேலியாவில் றோப் என்ற கடற்கரைப் பட்டினத்தை அண்டிய மணற் பிரதேசத்தில் செம்மறிகள் ஒரு நோயால் வாடின. 'கரையோர நோய்' என்றே அதற்குப் பெயர். முன்னால் புல் இருக்கும்; செம்மறி தின்னாது; தின்றாலும் எலும்பும் தோலுமாகி, இரத்தம் வற்றிச் சாகும். அங்குள்ள இடையர்களுக்கு ஒரு விடயம் அனுபவத்தில் தெரிந்திருந்தது. மந்தையைச் சில காலம் உள்நாட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் ஆடு தேறிவிடும். ஏன் தேறுகிறது என்பதுதான் தெரியாது. 1935ஆம் ஆண்டளவில் ஹெட்லி மார்ஸ்டன், லைன்ஸ் என்ற விஞ்ஞானிகள் காரணத்தைக் கண்டார்கள். அந்த மணலில் கோபால்ட் மிகக் குறைவு. நாளொன்றுக்கு ஒரே ஒரு மில்லிகிராம் கோபால்ட்டை வாய்வழி கொடுக்கச் செம்மறி எழுந்து நின்றது. பின்னர் அந்தக் கரையில் செம்பும் குறைவு என்பது தெரியவந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இருவரும் அதே காலத்தில் கோபால்ட் பற்றிய அதே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

இதில் விசித்திரம் என்னவென்றால், அதே கோபால்ட்டை ஊசி மூலம் இரத்தத்தில் ஏற்றினால் பலன் இல்லை. காரணம், கோபால்ட் தேவைப்படுவது நேரடியாக ஆட்டுக்கல்ல, இரைப்பை நுண்ணங்கிகளுக்கு. அவை கோபால்ட்டை எடுத்து விற்றமின் பி12 ஆக்கிக் கொடுக்கின்றன. அந்த விற்றமின் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. இந்த விற்றமினே 1948இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. மார்ஸ்டன் காலத்தில் மருந்து பலித்தது. பலித்த வழி பின்னர்தான் தெரிந்தது.

எமது கரையோர மணலையும் றோப் மணலையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. நாம் எடுத்துக்கொள்வது அந்த இடையர்களின் அறிவை. ஒரே மண்ணில் நிற்கும் ஆடு அந்த மண்ணில் இல்லாததை ஒருநாளும் பெறாது. இடம் மாறி மேயும் ஆடு ஓரிடத்தில் குறைந்ததை இன்னோரிடத்தில் தேடிக்கொள்ளும்.

இனிச் செம்புக்கு வருவோம். செம்பு விடயத்தில் குடல் ஒரு பொல்லாத கணக்குப்பிள்ளை. பால் குடிக்கும் செம்மறிக் குட்டி தான் பெறும் செம்பில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். அதே குட்டி வளர்ந்து, இரைப்பை முற்றி, புல் தின்னத் தொடங்கியதும் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகவே எடுக்கும். நுண்ணங்கிகள் தீனிலும் நீரிலும் உள்ள கந்தகத்தைச் சல்பைட்டாக மாற்றுகின்றன. அதனோடு மொலிப்டினம் என்ற இன்னொரு கனியுப்பும் சேர்ந்தால், இரண்டும் செம்பைக் கட்டிப்பிடித்துக் கரையாத பொருளாக்கி, சாணத்தோடு வெளியே அனுப்பிவிடும். இரும்பும் செம்புக்குத் தடை செய்யும். கச்சான் காற்றுக் காலத்தில் புல் கருகி அடியோடு ஒட்டிக் கிடக்கும்போது, கட்டிய கயிற்றுக்குள் நிற்கும் ஆடு வேரோடு மண்ணையும் சேர்த்தே தின்கிறது. அந்த மண்ணிலுள்ள இரும்பு வயிற்றுக்குள் போய்ச் செம்பை மறிக்கிறது. தீனில் செம்பு இருந்தும் இரத்தத்தில் இல்லாமற் போவது இப்படித்தான்.

சினை ஆட்டுக்குச் செம்பு குறைந்தால் பிறக்கும் குட்டியின் பின்னங்கால்கள் தள்ளாடக்கூடும். முதுகெலும்பின் நரம்பு கருவிலேயே பழுதாகிவிடுவதால் வரும் வியாதி இது. 1937இல் மேற்கு அவுஸ்திரேலியாவில் பெனற்ஸ் என்ற மிருக வைத்தியர் இதன் காரணத்தைக் காட்டினார். எமது ஊர்களில் குட்டி தள்ளாடினால் கண்ணூறு என்பார்கள், பூச்சி கடித்தது என்பார்கள். தள்ளாட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் செம்பின் தலையில் போட முடியாது. ஆனால் செம்புதான் காரணமென்றால், பிறந்த பிறகு கொடுக்கும் மருந்து பழுதான நரம்பைத் திருத்தாது. தாயாடு சினையாக நிற்கும் அந்த ஐந்து மாதமும் அதற்கு என்ன குழை கிடைத்தது என்பதுதான் விடயம்.

அப்படியானால் நிறையச் செம்பு கொடுத்துவிடலாமே என்று எவரும் எண்ண வேண்டாம். வெள்ளாடு ஓரளவு தாங்கும். செம்மறி தாங்காது. கூடுதலான செம்பைச் செம்மறியின் ஈரல் வெளியே விடாமல் சேர்த்துச் சேர்த்து வைக்கும். மாதக் கணக்கில் ஒன்றும் தெரியாது. பின்னர் ஒருநாள் பசியாலோ பயத்தாலோ நீண்ட பயணத்தாலோ உடம்பு அலைக்கழிய, ஈரல் அத்தனையையும் இரத்தத்தில் கொட்டிவிடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, இரண்டொரு நாளில் ஆடு விழும். ஒரு கிலோ உலர் தீனில் சுமார் 10 மில்லிகிராம் செம்பு செம்மறிக்குப் போதும்; 25 மில்லிகிராம் அளவிலேயே அது நாளடைவில் நஞ்சாகலாம். கோழித்தீன், பன்றித்தீன், மாட்டுக்கென்று செய்த கனியுப்புத் தூள் என்பவற்றில் செம்மறிக்கு ஆகாத அளவு செம்பு இருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று அவற்றைச் செம்மறிக்கு வைக்காதீர்கள்.

இன்னொரு விடயம் தவிடு. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் நெல் ஆலைகள் இருப்பதால் தவிடு கைக்கெட்டிய பொருள். ஹஜ்ஜுப் பெருநாள் சந்தைக்கென்று கிடாய்களைத் தவிடு வைத்துக் கொழுக்க வைப்போர் பலர். தவிட்டில் பொஸ்பரசு கல்சியத்தைப் போலப் பத்து மடங்குக்கும் அதிகம். அது பூட்டிய நிலையில் இருக்கிறது. கோழியால் அந்தப் பூட்டை நன்றாகத் திறக்க முடியாது. ஆட்டு வயிற்று நுண்ணங்கிகள் திறந்துவிடும். ஆகவே ஆட்டின் உடம்பில் பொஸ்பரசு வெள்ளம்போல் ஏறுகிறது. வழக்கமாக மிஞ்சும் பொஸ்பரசை ஆடு உமிழ்நீரோடு திரும்ப வயிற்றுக்குள் விட்டுச் சாணத்தில் கழிக்கும். ஒரு செம்மறி நாளுக்கு 6 முதல் 16 லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது என்றால் அதன் வேலையை யோசித்துப் பாருங்கள். ஆனால் உமிழ்நீர் சுரக்க ஆடு அசைபோட வேண்டும். தவிட்டை அசைபோட என்ன இருக்கிறது? அந்தப் பொஸ்பரசு சிறுநீரில் இறங்கி, மணல்போல் கல்லாகி, கிடாயின் சலக்குழாயை அடைத்துவிடும். சிறுவயதில் நலமடித்த கிடாயின் குழாய் ஒடுக்கமானதால் அதற்கு ஆபத்து அதிகம். முக்கி முக்கி நின்று கத்தும், சொட்டுச் சொட்டாக வரும், சில நாளில் உள்ளே வெடித்துச் சாகும். விலைபேசி முற்பணம் வாங்கிய கிடாய் இப்படிப் போனால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்பதை நாம் எழுதத் தேவையில்லை.

பொஸ்பரசு ஒரு பங்கென்றால் கல்சியம் இரண்டு பங்கு இருக்க வேண்டும் என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. கிளிசரியா என்று நாம் சொல்லும் சீமைக்கிளுவையின் குழையில் கல்சியம் நிரம்ப உண்டு. தவிடு ஒரு கை என்றால் குழை ஒரு கட்டு. அத்தோடு நல்ல தண்ணீர், வேண்டியமட்டும். இபில் இபில் குழையும் நல்லதுதான், ஆனால் அதையே மூன்று நேரமும் போட்டால் மயிர் உதிரும், கழுத்து வீங்கும். அதிலுள்ள நஞ்சு அயடீனைப் பயன்படுத்த விடாது தடுக்கும். எந்த இலையானாலும் ஒன்றையே நம்பியிருப்பதுதான் பிழை.

மழைக்காலத்துக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைக்கும் இளம்புல்லில் பொற்றாசியம் அதிகம். அது மகனீசியத்தை இரைப்பைச் சுவரைத் தாண்ட விடாது. உப்பு போதாத ஆட்டுக்கு இன்னும் மோசம். ஆகவே கரையோரத்தில் தேவைப்படாத அதே உப்புக்கட்டி, கந்தளாய்ப் பக்கத்து நன்னீர் ஊர்களில் மழைக்குத் தேவைப்படும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே பட்டியலில் சாமான் வாங்கிப் பங்கிடுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

அந்தத் தாயாருக்கு நாம் சொன்னது இதுதான்: கட்டியை நம்ப வேண்டாம், மிருக வைத்தியரிடம் கேட்டு, உப்புச் சேர்க்காத கனியுப்புத் தூளை வாங்கி, அவர் சொல்லும் அளவில் ஒரு பிடி தவிட்டில் பிசைந்து வையுங்கள், பல சாதிக் குழையும் கலந்து போடுங்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "தூள் சரி தம்பி. குழைக்கு எங்க போற? அங்கால போனா இப்ப ஆரோ ஒரு திணைக்களத்திட போட் நிக்குது."

2006 சித்திரையில் குண்டுவீச்சோடு சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனைச் சனங்கள் எழுந்து ஓடினார்கள். ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு ஓடினார்கள். மட்டக்களப்புக்குப் போய், பின் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் தகரத்தின் கீழ் ஆண்டுகளைக் கழித்தார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடுபட்டன. தென்னமரவாடிச் சனங்கள் 1984இலேயே ஊரைவிட்டவர்கள். திரும்பியவர்களுக்கு வீட்டுக்காணி கிடைத்தது. சிலருக்கு வயல் கிடைத்தது. ஊரின் மேய்ச்சலை எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அதற்கு உறுதியும் இல்லை, அனுமதிப் பத்திரமும் இல்லை. அது எல்லோருடையதாகவும் இருந்தபடியால் இழப்புப் பத்திரத்தில் எவருடையதாகவும் எழுதப்படவில்லை.

முன்னர் ஆடு காலையில் அவிழ்த்துவிட்டால் பற்றைக்காட்டில் சூரை, விடத்தல், நாவல், கிளுவை என்று நுனி நுனியாகக் கடித்து, அறுவடை முடிந்த வயலில் இறங்கி, குளத்துப் படுக்கையில் பச்சை தின்று மாலையில் திரும்பும். ஒவ்வொரு மரத்தின் வேரும் வேறு வேறு ஆழத்திலிருந்து வேறு வேறு கனியுப்பை எடுத்து இலையில் வைத்திருக்கும். ஆட்டுக்குக் கனியுப்புக் கலவை செய்து கொடுத்தது அந்தப் பற்றைக்காடு. ஒரு காசும் கேட்கவில்லை. இன்று பதினைந்து முழக் கயிற்றின் வட்டத்துக்குள் ஆடு நிற்கிறது. நல்லாயன் படம் எமது எல்லா ஆலயங்களிலும் தொங்குகிறது. அதில் ஒரு ஆடாவது கயிற்றில் கட்டப்பட்டிருப்பதை நாம் கண்டதில்லை.

கயிறு இன்னொரு கேட்டையும் செய்கிறது. ஒரே இடத்தில் சாணமிட்டு அதே இடத்தில் புல் தின்னும் ஆட்டுக்குப் புழு ஏறும். புழுக்குஞ்சுகள் பனி ஈரத்தில் புல்லின் அடிப்பகுதியிலேயே ஏறி நிற்கின்றன. பற்றையில் தலை நிமிர்த்தித் தின்னும் ஆட்டுக்கு அவை அதிகம் எட்டுவதில்லை. நான்காம் இரைப்பையில் ஒருவகைப் புழு இரத்தத்தைக் குடிக்கிறது. சிறுகுடலில் வேறொன்று உறிஞ்சும் சுவரையே சிதைத்து, பொஸ்பரசு உள்ளே போகாமல் செய்கிறது. குட்டியின் எலும்பு வளராது. அந்தக் குடலுக்கு எந்த விலைக்குக் கனியுப்பு வாங்கிக் கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் வார்த்த கதைதான்.

ஆட்டைக் கட்டாமல் விட்டால் அயலவர் தோட்டம் அழியும், களவு போகும் என்பது எமக்குத் தெரியாததல்ல. கொட்டில் முறையே நவீன முறை என்று சொல்லும் உத்தியோகத்தர்களோடு எமக்குப் பகையும் இல்லை. கொட்டிலில் வளர்க்கலாம், அப்போது பற்றைக்காட்டைக் கொட்டிலுக்குள் கொண்டு வரவேண்டும். அதற்கு ஐந்தாறு சாதிக் குழை வேண்டும், அதை வெட்ட நிலம் வேண்டும், வெட்டிச் சுமக்க ஆள் வேண்டும். கணவனை இழந்த பெண் தலைமை தாங்கும் குடும்பத்தில் அந்த ஆள் யார்? ஜமுனாபாரி ஆட்டின் விலையைத் திட்டத்தில் எழுதுகிறவர்கள் இந்த உழைப்பின் விலையை எழுதுவதில்லை.

மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக மாட்டுப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் பெரிய பட்டிகள் இருந்தன, சங்கம் இருந்தது. ஐந்து ஆடு வைத்திருக்கும் எமது பெண்களுக்குச் சங்கமும் இல்லை, அவர்கள் குரல் கூட்டங்களில் ஏறுவதும் இல்லை. ஆகவே எமது கோரிக்கையை இங்கே வைக்கிறோம். எந்தக் கிராமத்துக்கு ஆடு கொடுப்பதானாலும், எமது திருச்சபைத் திட்டம் உட்பட, முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். குழை வெட்டவும் மேய்க்கவும் பொது நிலம் எது என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெறுங்கள். அது கிடைக்காவிட்டால் ஆடு கொடுக்காதீர்கள். கோழி கொடுங்கள், தையல் மெசின் கொடுங்கள். மேய்ச்சலில்லாத ஊருக்குப் பத்து ஆடு கொடுப்பது பத்துக் கடன் கொடுப்பது போன்றது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது சிறிது உண்டு. கிளிசரியா, முருங்கை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளை மாரி தொடங்கியதும் வேலியில் நடுங்கள். நான்கும் தடியில் வளரும். மழைக்கு முன் ஒருமுறை ஆட்டின் கீழ்க் கண்ணிமையைப் பிரித்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறியிருந்தாலோ தாடைக்குக் கீழே நீர்ப்பை தொங்கினாலோ புழு மருந்துக்கு அரச மிருக வைத்திய நிலையத்துக்குப் போங்கள், ஆட்டின் நிறையைக் கேட்டுத்தான் மருந்தின் அளவைச் சொல்வார்கள். கட்டும் முளையை நாளுக்கு நாள் இடம் மாற்றுங்கள், பனி காய்ந்த பிறகு அவிழுங்கள். உவர்க் கிணறுள்ளவர்கள் குட்டிகளுக்காவது ஒரு குடம் நன்னீர் ஒதுக்கிப் பாருங்கள். அந்த உப்புக்கட்டியை எறிய வேண்டாம். உள்ளூரில் நன்னீர்க் கிணறுள்ள உறவினர் எவராவது ஆடு வைத்திருந்தால் அவர்களிடம் கொடுத்து, மாற்றாக ஒரு கட்டுக் குழை வாங்கிக்கொள்ளுங்கள்.